விரிவுரையை நிறுத்திவிட்டால் பாடத்தை யார் நடத்துவது?

ஜூன் 22, 2024

திருமங்கலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கும் ஆசிரியர் கேட்டிருப்பது:

“வகுப்பில் 64 பேர். ஐந்து யூனிட்டை 45 பீரியடில் முடிக்க வேண்டும். பயிற்சிக்குப் போனால் பங்கேற்புக் கற்றல், குழு விவாதம், மாணவர் மையக் கல்வி என்று பேசி அனுப்புகிறார்கள். எங்கள் வகுப்பில் பெஞ்சை நகர்த்தவே முடியாது. பேசச் சொன்னால் சந்தைக்கடை ஆகிவிடும். நான் நடத்தாவிட்டால் இவர்களுக்கு யார் நடத்துவது? அமெரிக்காவில் இருபது பேரை வைத்துச் செய்வதை இங்கே ஏன் திணிக்க வேண்டும்?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இருபது பேர் வகுப்பில் வந்த முறை இல்லை இது. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் 1991 வாக்கில் இதைத் தொடங்கியது பெரிய விரிவுரை அரங்கில்தான். அவர் நன்றாக நடத்துகிறார் என்று மாணவர்கள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கணக்குப் போடத் தெரிந்த அதே மாணவர்கள், நியூட்டன் விதியைப் பற்றிச் சாதாரண வார்த்தைகளில் கேட்ட எளிய கேள்விகளில் தடுமாறியதைப் பார்த்துத்தான் அவர் மாறினார்.

உங்கள் பெஞ்சை நகர்த்த வேண்டாம். நீங்கள் நடத்துவதையும் நிறுத்த வேண்டாம். நடத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வியை வையுங்கள். அதோடு பிள்ளைகள் கொஞ்சம் மல்லுக்கட்டட்டும். அப்புறம் நடத்துங்கள். நான் சொல்ல வருவது இந்த வரிசை மாற்றத்தைத்தான். மதுரையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் முதலாம் ஆண்டுக்கு இயற்பியல் எடுக்கிறேன், அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

ஜூன் 22, இரவு

“என்ன மாதிரிக் கேள்வி? உதாரணம் இல்லாமல் பேசாதீர்கள்” என்று அவரே மறுபடி கேட்கிறார். நியாயம்.

நியூட்டனின் முதல் விதிக்கு நான் வைக்கும் கேள்வி இது. சித்திரைத் திருவிழாத் தேரோட்டம். மேல மாசி வீதியில் சமதளத்தில் தேர் நேராக, ஒரே சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. வடத்தை இழுக்கும் விசை பெரியதா, தேரைத் தடுக்கும் மொத்த விசை பெரியதா?

அ) இழுக்கும் விசை பெரியது
ஆ) இரண்டும் சமம்
இ) தடுக்கும் விசை பெரியது
ஈ) தேரின் எடை தெரியாமல் சொல்ல முடியாது

முதலில் யாரும் பேசக்கூடாது. தனியாக யோசித்து நோட்டில் எழுதியாக வேண்டும். இரண்டு நிமிடம் போதும். பிறகு அ, ஆ, இ, ஈ எழுதிய அட்டையை எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். தலைக்கு மேலே தூக்கினால் பின் பெஞ்சு பார்த்துவிடும். என் வகுப்பில் பெரும்பாலான அட்டை ‘அ’வாகத்தான் இருக்கும். ‘ஆ’ அங்கங்கே தெரியும்.

இப்போது விடையைச் சொல்லவே கூடாது. “உங்களுக்கு மாறான விடை வைத்திருப்பவரைப் பக்கத்தில் தேடுங்கள். அவரை நம்ப வையுங்கள்” என்று மட்டும் சொல்வேன். சத்தம் வரும். நீங்கள் பயப்படும் அந்தச் சத்தம்தான் பாடம். நடுவில் போய் நின்று கேளுங்கள். “சமம்னா தேரு எப்படிடா நகரும்?” என்பான் ஒருவன். “நகர ஆரம்பிக்கத்தான் கூட இழுக்கணும். ஓட ஆரம்பிச்சப்புறம் எங்கண்ணன் சும்மா கையை வச்சுக்கிட்டு நடந்து வருவான்” என்பான் இன்னொருவன். வடம் பிடித்தவனுக்கு அது உடம்பில் தெரியும். அதற்கும் விதிக்கும் சம்பந்தம் உண்டு என்று அதுவரை யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுபடி அட்டை. ‘ஆ’ கூடியிருக்கும். அதற்கப்புறம்தான் சரியான விடை ‘ஆ’ என்று சொல்லி முதல் விதியை நான் நடத்துவேன்: விசைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டால், ஓடுவது அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தில் யாரும் ஜன்னலைப் பார்ப்பதில்லை.

ஜூன் 23

நேற்று விட்டுப்போனது. முதல் வாக்கெடுப்பைப் பார்த்துத்தான் அடுத்த அடியை வைக்க வேண்டும். சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் பேசவிட்டுப் பலனில்லை, தெரிந்தவர் பக்கத்தில் இருக்க மாட்டார். ஒரு குறிப்புக் கொடுத்து மறுபடி யோசிக்கச் சொல்லலாம். 70க்கு மேலே என்றால் இரண்டு வரி விளக்கிவிட்டு நகரலாம். நடுவில் இருந்தால்தான் விவாதம். மஸூர் சொல்லும் கணக்கும் ஏறக்குறைய இதுதான்.

அட்டைக்குச் செலவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும். ப்ளிக்கர்ஸ் என்ற செயலியில், ஆளுக்கொரு அச்சிட்ட குறியீட்டைக் கொடுத்து ஆசிரியரின் ஒரே கைப்பேசியில் எல்லார் விடையையும் படம்பிடித்து எண்ணலாம். மாணவர் கையில் போன் வேண்டியதில்லை. நான் அட்டையோடே இருக்கிறேன். எண்ணிக்கை துல்லியமாகத் தெரிய வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை.

ஜூன் 25

“உங்கள் அனுபவம் சரி, ஆதாரம் என்ன?” என்று ஒருவர்.

1998ல் ரிச்சர்ட் ஹேக் 62 இயற்பியல் வகுப்புகளை, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களை எடுத்துக்கொண்டார். பாடத்துக்கு முன்னும் பின்னும், அடிப்படை புரிந்ததா என்று பார்க்கும் ஒரே தேர்வு. முன்தேர்வில் தெரியாமல் இருந்ததில் எவ்வளவு பங்கு பின்தேர்வில் தெரிந்தது என்று பார்த்தார். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரி 23 சதவீதம். மாணவர்கள் பேசி, செய்து, உடனுக்குடன் திருத்திக்கொண்ட வகுப்புகளில் 48.

2014ல் ஸ்காட் ஃப்ரீமனும் கூட்டாளிகளும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். விரிவுரை வகுப்புகளில் தோற்றவர்கள் 33.8 சதவீதம், இப்படி மாணவர்களே பேசி, செய்து கற்கும் செயல்வழி வகுப்புகளில் 21.8. பொறியியல் கல்லூரியில் அரியர் வைத்துவிட்டு வீட்டுக்குச் சொல்லாமல் அலையும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு சதவீதம் என்னவென்று புரியும்.

2020ல் அதே ஃப்ரீமனும் இருந்த குழுவின் இன்னொரு தொகுப்பு. அமெரிக்காவில் வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து வந்த மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த தேர்வு மதிப்பெண் இடைவெளி, செயல்வழி வகுப்புகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எனக்கு இதுதான் முக்கியம். என் வகுப்பில் பாதிக்கு மேல் வீட்டில் முதல் பட்டதாரி.

ஜூன் 25, பிறகு

இன்னொன்று. செய்ய நினைப்பவர்கள் முதல் மாதமே இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

2019ல் ஹார்வர்டிலேயே லூயி டெஸ்லாரியேவும் மற்றவர்களும் செய்த ஆய்வு. ஒரே பாடம், ஒரே குறிப்புகள். ஒரு குழுவுக்குச் சரளமான விரிவுரை, இன்னொரு குழுவுக்குச் செயல்வழி வகுப்பு. தேர்வு வைத்தால் செயல்வழிக் குழு அதிகம் கற்றிருந்தது. ‘எவ்வளவு கற்றதாக நினைக்கிறாய்’ என்று கேட்டால் விரிவுரைக் குழுதான் அதிகம் சொன்னது. திணறிக் கற்பது, கற்காதது போலத் தோன்றுகிறது. நன்றாகப் பேசும் ஆசிரியரைக் கேட்டால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கிறது.

“சார் நடத்தவே மாட்டேங்கிறார், எங்களையே பேசச் சொல்றார்” என்று மாணவர் கருத்துப் படிவத்தில் எழுதுவார்கள். துறைத் தலைவர் கூப்பிட்டு விசாரிப்பார். பழைய பழக்கத்துக்குத் திரும்பும் ஆசிரியர்களில் பலர் திரும்புவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அதனால் முதல் வாரமே இந்த ஆய்வை வகுப்பில் சொல்லிவிடுகிறேன். “திணறினால் எதுவும் ஏறவில்லை என்று அர்த்தம் இல்லை” என்று கரும்பலகையில் எழுதியும் போடுவேன். முதல் உள்தேர்வு முடிந்ததும் அந்தப் பேச்சுக் குறைந்துவிடும்.

ஜூன் 30

வீட்டில் வீடியோ பார்த்துவிட்டு வகுப்பில் கணக்குப் போடும் தலைகீழ் வகுப்பைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். கொலராடோவில் பெர்க்மன், சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007 வாக்கில் பரப்பியது. நல்ல யோசனை. என் மாணவர்களில் சில பையன்கள் சாயங்காலம் பரோட்டாக் கடையில் நிற்கிறார்கள், முகூர்த்த நாளில் கேட்டரிங் வேலைக்குப் போகிறார்கள். சில பெண்களின் வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அண்ணன் கையில். அவர்களிடம் “பார்த்துவிட்டு வா” என்றால் வகுப்புக்குள் நுழையும்போதே இரண்டு சாதி ஆக்கிவிடுகிறோம்.

ஒரு பக்க அச்சுத்தாள் கொடுத்து, வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் எல்லோரையும் மௌனமாகப் படிக்க வைக்கிறேன். நேரம் போகிறதுதான். எல்லோரும் படித்திருக்கிறார்கள் என்ற நிச்சயம் கிடைக்கிறது.

ஜூலை 6

உசிலம்பட்டியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “தம்பி, நீங்கள் இப்போது கண்டுபிடித்த மாதிரி எழுதுவதை நாங்கள் ஒன்றாம் வகுப்பிலேயே செய்துவிட்டோம். அட்டை, ஏணி, பாய் எல்லாம் பார்த்தாச்சு. அது என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.”

ஐயா, எழுதுகிறேன். என் அக்கா அந்தப் பக்கம்தான் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இருந்தார். நேற்று இரவு அவரிடம் போனில் நெடுநேரம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த முறையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறை, 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. எம்.பி. விஜயகுமார் அப்போது அங்கே ஆணையர். 2007-08ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்றிலிருந்து நான்காம் வகுப்பு வரை செயல்வழிக் கற்றல். வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் பாயில் வட்டமாக உட்கார்வார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஏணிப்படி, அதில் படிப்படியாக அட்டைகள். பிள்ளை தான் எந்தப் படியில் இருக்கிறதோ அந்த அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுக்கும். சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்தது தொங்கும். மேல் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டல் என்று அதற்குத் தனி வரிசை.

அக்கா சொன்ன நல்லது: ஆசிரியர் நாற்காலியிலிருந்து இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். அடி குறைந்தது. காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளை திரும்பி வந்தால் விட்ட அட்டையிலிருந்து தொடரும், “பாடம் போய்விட்டது” என்ற பேச்சே இல்லை. ஆடு மேய்க்கப் போய்விட்டு இடையிடையே வரும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்.

கெட்டது: அட்டையின் வரிசையைக் காப்பாற்றுவதே வேலை ஆகிப்போனது. பார்வையிட வருபவர்கள் ஏணியில் எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைக் கேட்டார்கள். அந்தப் பிள்ளை என்ன யோசிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்குப் போய்விட்டால் மற்றவர் மொத்தப் பிள்ளைகளோடும் அட்டைத் தட்டுகளோடும் தனியாக நிற்பார். ஆசிரியர் வாயைத் திறந்து நடத்தினாலே தப்பு என்ற எண்ணம் சிலரிடம் வந்துவிட்டது. கதை சொல்ல அக்காவுக்கு அவ்வளவு பிடிக்கும். அந்த வருடங்களில் கதையைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொன்னாராம்.

அந்தக் கடைசி வரியைக் கேட்டு எனக்கு மனசு கனத்துவிட்டது. ஒரு முறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஆசிரியர் தன் பலத்தை ஒளித்துவைக்க வேண்டி வந்தால் அது அந்த வகுப்பில் வேர் பிடிக்காது. 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டு, கதை, கைவேலை எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அக்கா ஓய்வு பெறும் நேரத்தில் வந்தது. ஆசிரியர் குரலுக்கு அதில் இடம் இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

ஜூலை 7

அதே ஐயா: “சட்டாம்பிள்ளையை மறந்துவிட்டீர்களே.”

மறக்கவில்லை. திண்ணைப் பள்ளியில் முன்னே போன பிள்ளை சட்டாம்பிள்ளையாக இருந்து பின்னே வரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். மணலில் எழுதிப் பழகுவார்கள். 1789ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைச் சிறுவர்களுக்கான பள்ளியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைப் பெரிதாக வளர்த்து, இங்கிலாந்து திரும்பியதும் 1797ல் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். அங்கே அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பள்ளி பள்ளியாகப் பரவியது.

இதில் பெருமைப்பட இடம் இருக்கிறது. ஆனால் அந்தத் திண்ணையில் எல்லாப் பிள்ளைகளும் ஏறி உட்கார முடியவில்லை. அதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஜூலை 19

மொழியைப் பற்றி யாருமே கேட்கவில்லை. நானே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் நான் எழுதும் எதைவிடவும் இது முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

எங்கள் முதலாம் ஆண்டு வகுப்பு ஆங்கில வழி. எழுமலை, பேரையூர், கொட்டாம்பட்டி என்று தமிழ் வழியில் பன்னிரண்டு படித்து வரும் பிள்ளைகள் நிறைய. ஜூலை மாதத்தில் அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். “கேள்வி கேட்டா பதிலே வரல, மண்டையில ஒன்றும் இல்ல” என்று ஆசிரியர் அறையில் பேச்சு நடக்கும். இருக்கிறது. எந்த மொழியில் வெளியே எடுப்பது என்றுதான் தெரியவில்லை.

கேள்வியை இரண்டு மொழியிலும் எழுதிப் போட்டு, “எந்த மொழியிலும் பேசலாம், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசலாம்” என்று சொன்ன நாளில் வகுப்பு மாறியது. ஒரு பெண், அதுவரை பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பதோடு சரி, பக்கத்தில் இருந்த ஆங்கில வழிப் பெண்ணிடம் சொல்கிறாள்: “இந்தா பாரு, டவுன் பஸ்ஸுல பிரேக் போடுறாய்ங்க. நாம முன்னாடி போய் விழுகுறோம். நம்மள யாராச்சும் தள்ளுனாய்ங்களா? இல்லைல. நாம போய்க்கிட்டே இருக்கோம், பஸ்சுதான் நின்னுருச்சு.” நிலைமத்தை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. ஆங்கில வழிப் பெண்ணுக்கு ‘இனெர்ஷியா’வின் இலக்கணம் மனப்பாடம். பஸ் புரிந்தது அன்றைக்குத்தான்.

விரிவுரையில் இந்த இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். பேசிப் புரிந்ததைப் பிறகு ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் எழுத வைக்கிறேன். தேர்வு ஆங்கிலத்தில் இருக்கிறது, அந்தப் பயிற்சியை மறுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் தமிழில் சண்டை, அப்புறம் ஆங்கிலத்தில் எழுத்து.

ஜூலை 20

ஆங்கிலத்தில் பேசினால்தானே வேலை கிடைக்கும் என்று ஒரு பெற்றோர். கிடைக்கட்டும் அம்மா, நானும் அதற்குத்தான் உழைக்கிறேன். நேர்முகத் தேர்வில் “ஏன்?” என்று அடுத்த கேள்வி வரும்போது, தமிழில் யோசித்துப் புரிந்துகொண்ட பெண் நிற்பாள்.

ஜூலை 28

“பக்கத்தில் இருப்பவரிடம் பேசு” என்று ஜூன் 22ல் எழுதிவிட்டேன். பக்கத்தில் இருப்பவர் யார் என்று நான் எழுதவில்லை. அதை எழுதியாக வேண்டும்.

பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டால் ஒரே ஊர், ஒரே பஸ், ஒரே பள்ளிக்கூடம் என்று சேர்ந்து உட்காருகிறார்கள். நம் ஊரில் ஒரே பஸ், ஒரே பள்ளிக்கூடம் என்பதற்குப் பின்னால் பல நேரம் சாதி இருக்கிறது. ஆசிரியர் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பெஞ்சு நிரம்புவதைப் பார்க்காத ஆசிரியர் தென் மாவட்டத்தில் குறைவு. அப்படி உட்கார்ந்தவர்களைப் பேசச் சொன்னால் எல்லோரிடமும் ஒரே விடைதான் இருக்கும், விவாதமே வராது. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பிள்ளை தனியாக உட்கார்ந்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும். விரிவுரையில் அந்தப் பிள்ளை தனியாக இருப்பது யாருக்கும் தெரியாது. குழுவில் பளிச்சென்று தெரியும், அதுவே இன்னொரு காயம்.

நான் செய்வது: வாசலில் எண் எழுதிய சீட்டு. எடுத்த எண்ணில் உட்கார வேண்டும். எல்லா வகுப்பிலும் இதே, முதல் நாளிலிருந்து இதே. நடுவில் ஆரம்பித்தால் யாரையோ பிரிக்கத்தான் செய்கிறார் என்று சந்தேகம் வரும். வருகை எண்ணின்படி உட்கார வைத்தால் ஆண் தனி, பெண் தனி என்று பிரிந்துவிடும். சீட்டில் அந்தச் சிக்கல் இல்லை. பையனும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் முதலில் இரண்டு பேருமே ஊமை. வற்புறுத்த மாட்டேன். முன் பெஞ்சு திரும்பிப் பின் பெஞ்சோடு பேசட்டும் என்பேன். ஒரு மாதத்தில் தானாகச் சரியாகிறது.

இதை ஒரு கற்பித்தல் உத்தி என்று மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு கேள்விக்காக இரண்டு நிமிடம் எதிரெதிரே பேசியவர்கள் மதியம் கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார்வதைப் பார்க்கிறேன். அதற்காகவே சீட்டை விடமாட்டேன்.

ஆகஸ்ட் 3

“அப்படியென்றால் நல்ல பேச்சுக்கு மதிப்பே இல்லையா? மதுரைக்காரர் இப்படிச் சொல்லலாமா?” என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார்.

சொல்ல மாட்டேன். பேச்சைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. கோயில் ஆடி வீதியிலும் தெருமுனை மேடையிலும் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டவர்கள் நம் அப்பாவும் தாத்தாவும். பட்டிமன்றத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோன சாலமன் பாப்பையா அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் நடத்திய பேராசிரியர்தானே. பட்டிமன்றம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். நடுவர் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்டால் யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஒரு கேள்வியை வைக்கிறார். இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். கேட்கிறவர் மனசுக்குள் ஒரு கட்சியை எடுத்துவிடுகிறார். அதற்கப்புறம் நடுவர் அரை மணி நேரம் பேசினாலும் ஒரு சொல் சிந்தாமல் போய்ச் சேருகிறது.

விரிவுரையை வினாவுக்குப் பின்னால் வையுங்கள் என்று நான் சொல்வது அதைத்தான். 1998ல் டேனியல் ஷ்வார்ட்ஸ், ஜான் பிரான்ஸ்ஃபோர்டு இருவரும் காட்டியதும் இதே. உளவியல் சோதனைகளின் தரவுகளைத் தாங்களே அலசிப் பார்த்துவிட்டு விரிவுரை கேட்டவர்கள், பாடத்தைப் படித்துச் சுருக்கி எழுதிவிட்டு அதே விரிவுரையைக் கேட்டவர்களைவிடப் புதிய சூழலில் என்ன நடக்கும் என்று நன்றாக ஊகித்தார்கள். விரிவுரை ஒன்றுதான். அது வந்து விழுந்த நிலம் வேறு.

ஆகஸ்ட் 4

பட்டிமன்றம் என்று எழுதியதை இரவு மறுபடி யோசித்தேன். ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. மேடையில் இருப்பவர் கட்சி மாற முடியாது. வகுப்பில் மாறுவதுதான் வேண்டியது. அதனால் இரண்டாவது வாக்கெடுப்பில் விடையை மாற்றியவர்களைத்தான் நான் முதலில் பேசக் கூப்பிடுவேன். “எது உங்களை மாற்றியது?” என்று கேட்பேன். “நான் முதலிலேயே சரி” என்று சொல்பவரைவிட அவர் சொல்வதில்தான் மற்றவர்களுக்குப் பயன் இருக்கிறது. சில நேரம் நன்றாகப் பேசத் தெரிந்தவன் மொத்தப் பெஞ்சையும் தவறான விடைக்கு இழுத்துவிடுவான். அதையும் மறைக்காமல் வகுப்பில் அலச வேண்டும், அவன் முகம் வாடாமல்.

ஆகஸ்ட் 17

திருமங்கலம் ஆசிரியர் திரும்பி வந்திருக்கிறார். ஒரு கேள்வியை முயன்று பார்த்தாராம். வகுப்பு நன்றாக இருந்தது, “ஆனால் யூனிட் பின்தங்கிவிட்டது, எதை வெட்டுவது?” என்கிறார்.

நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதை வெட்டுங்கள். ஒரு பீரியடில் எவ்வளவு நேரம் நாம் சொல்ல அவர்கள் எழுதுகிறார்கள் என்று ஒரு வாரம் கடிகாரம் வைத்துப் பாருங்கள். புத்தகத்தில் இருக்கும் வரையறையையும் நீண்ட சமன்பாட்டு வருவிப்பையும் நகலெடுத்துக் கொடுத்துவிடலாம். வருவிப்பில் பிள்ளைகள் தடுக்கி விழும் படி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்தப் படியை மட்டும் கேள்வியாக்குங்கள். ஒரு பீரியடுக்கு இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம்.

நல்ல கேள்விக்கு எங்கே போவது என்றும் கேட்கிறார். பழைய விடைத்தாள் கட்டுக்குப் போங்கள். பிள்ளைகள் உண்மையாகவே எழுதிய தவறான விடைகள்தான் மிகச் சிறந்த தெரிவுகள். நாமாக யோசித்துப் போடும் தவறான தெரிவை யாரும் எடுக்க மாட்டார்கள். மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் கணத்தில் முடுக்கம் எவ்வளவு என்ற கேள்விக்குச் ‘சுழி’ என்ற தெரிவை வையுங்கள். ஆண்டுதோறும் அதற்கு அட்டை குவிவதைப் பாருங்கள். வேகம் சுழியானால் முடுக்கமும் சுழி என்ற எண்ணம் அத்தனை ஆழம்.

செப்டம்பர் 8

தேர்வு. இவ்வளவு நாளும் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்தது இதைத்தான்.

“வகுப்பில் எதைச் செய்தாலும் கேள்வித்தாள் மனப்பாடத்தைத்தானே கேட்கிறது” என்கிறார்கள். பெருமளவு உண்மை. பல்கலைக்கழகக் கேள்வித்தாளை நானும் நீங்களும் நாளைக்கு மாற்ற முடியாது. உள்மதிப்பீடு நம் கையில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு உள்மதிப்பீடு 40, இறுதித் தேர்வு 60 என்று இருக்கிறது. 40 சின்ன எண் இல்லை.

எங்கள் துறையில் இந்தப் பருவத்திலிருந்து ஒரு உள்தேர்வை இரண்டு கட்டமாக வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பல அறிவியல் பாடங்களில் இப்படி நடக்கிறது. முதல் கட்டம் வழக்கம்போல் தனியாக எழுதுவது. தாளை வாங்கிவிட வேண்டும். உடனே அதே கேள்விகளில் கடினமானவற்றைக் குழுவாக உட்கார்ந்து, பேசி, குழுவுக்கு ஒரே விடைத்தாளில் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் 85 பங்கு தனித்தேர்வுக்கு, 15 பங்கு குழுவுக்கு. குழு மதிப்பெண் தன் தனி மதிப்பெண்ணைவிடக் குறைந்தால் அந்த மாணவருக்குத் தனி மதிப்பெண்ணையே முழுமைக்கும் வைத்துக்கொள்வோம். யாரும் நஷ்டப்படக் கூடாது.

சாதாரணமாகத் தேர்வு முடிந்து வெளியே வரும்போது “மூணாவதுக்கு என்னடா போட்ட?” என்று வராந்தாவில் பேசிக்கொள்வார்கள் இல்லையா, அவர்கள் மனம் விடைக்கு ஏங்கும் நேரம் அதுதான். அந்த நேரத்தைத் தேர்வுக்குள்ளேயே கொண்டுவருகிறோம். விடைத்தாளைத் திருத்தி மூன்று வாரம் கழித்துக் கொடுத்தால் யார் தவறைப் பார்க்கிறார்கள்? மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள்.

செப்டம்பர் 10

மூன்று பேர் கேட்டிருப்பதால் விவரம். குழுவுக்கு மூன்று பேர், அதிகம் போனால் நான்கு. ஐந்தாவது ஆள் வந்தால் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். குழுவைச் சீட்டு எடுத்துத்தான் பிரிக்கிறோம், ஜூலை 28ல் எழுதிய காரணத்துக்காக. எழுதுகோலைக் குழுவில் அதிகம் பேசாதவர் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் எழுத வேண்டும் என்றால் மற்ற இருவரும் அவருக்கு விளங்க வைத்தாக வேண்டும். தனித்தேர்வுக்கு 50 நிமிடம், குழுவுக்கு 25. முதல் தேர்வு காலாண்டு விடுமுறைக்கு முன்னால் வருகிறது. எந்தக் கேள்வியில் எல்லாக் குழுவும் தவறியதோ அதை மட்டும் மறுநாள் முதல் பீரியடில் நான் நடத்துவேன்.